ஜூஜுவாடிக்கு அப்பாலும் அதே சட்டம்தான்

"நம்ம ஊர் வழக்கு, நம்ம ஊர் சாட்சி. அவங்க கோர்ட்டுக்கு என்ன அதிகாரம்?"

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தக் கேள்வி பத்தாண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. 2014 செப்டம்பர் 27 அன்று, பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில் கூடிய தனி நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அன்று கேள்வி சுவரொட்டிகளில் ஏறியது. காவிரியை வைத்துக்கொண்டு அம்மாவைத் திருப்பிக் கொடு என்றது ஒன்று. தெய்வத்தை மனிதன் தண்டிப்பதா என்றது இன்னொன்று. 2017 பிப்ரவரியில், அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட சசிகலா அதே சிறைக்குப் போனபோதும், தண்டனை முடிந்து 2021 பிப்ரவரி 8 அன்று ஓசூர் எல்லை வழியாகத் திரும்பியபோதும் அது மறுபடி தலைதூக்கியது. 2025 பிப்ரவரியில், வழக்கில் பறிமுதலான இருபத்தேழு கிலோ நகைகளைப் பெங்களூரு நீதிமன்றம் தமிழ்நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்தபோது, "நம்ம பொருளை அவங்க எதுக்கு இத்தனை வருஷம் வச்சிருந்தாங்க" என்று உருமாறி வந்தது.

இதைக் கட்சிக்காரர்கள் மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. ஆட்சியில் யார் இருந்தாலும் திட்டுகிறவர்கள், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துப் போகிறவர்கள், நாலு எழுத்துச் சட்டம் படித்தவர்கள்கூட இதை ஒரு நியாயமாகவே நம்புகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறொரு அரசு. அதன் நீதிமன்றம் வேறொரு நாட்டு நீதிமன்றம் மாதிரி. அங்கே நம் ஆள் கூண்டில் நின்றதே ஓர் அவமானம். இதுதான் பரவலான கருத்து. இது தவறு. தவறு மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். எல்லையில் வாழ்கிற எளிய மனிதருக்கு அதிகார வரம்பு என்ற சட்டக் கேள்வி உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் சில உண்டு. அந்த இடங்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதுதான் இந்தக் கருத்தின் மீது எனக்குள்ள கோபம்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில், அதாவது 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை, ஜெயலலிதா தமிழ்நாட்டின் முதலமைச்சர். சொத்துகளில் பெரும்பகுதி இங்கே. புலனாய்வு செய்தது தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறை. வழக்கு தொடங்கியது சென்னைத் தனி நீதிமன்றத்தில். ஆவணங்கள் தமிழில் இருந்ததால் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டி வந்தது. இந்த வழக்கில் கர்நாடகத்துக்கு ஒரு சென்ட் நிலத்தின் சம்பந்தம்கூட இல்லை. போதாக்குறைக்குக் காவிரி. இவ்வளவையும் அடுக்கிவிட்டு, அங்கே எப்படி நியாயம் கிடைக்கும் என்று கேட்டால் கேட்பவரைக் கிறுக்கர் என்று ஒதுக்க முடியாதுதான்.

ஆனால் வழக்கு ஏன் அங்கே போனது என்ற பாதிக் கதையை இந்த வாதம் சொல்வதே இல்லை. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரே அரசின் தலைவரானார். வழக்கை நடத்த வேண்டிய அரசு வழக்கறிஞர் அவருடைய அரசின் கீழ் வந்தார். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்த 76 பேர் மீண்டும் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகள் என்று அறிவிக்கக் கோரி அரசுத் தரப்பு வாய் திறக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டத்தில் கேள்வித்தாள் அவர் வீட்டுக்குப் போனது. அதற்கும் ஆட்சேபம் இல்லை. தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பர் 18 அன்று நீதிபதிகள் வரியாவா, சேமா அமர்வு வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. மனுதாரர் அரசியல் எதிரி என்பது உண்மை. அந்த 64 பேரும் பல்டி அடித்ததும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது என்ன நியாயம்?

மாற்றுவதற்கு உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406ஆம் பிரிவு. இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 446. ஓர் உயர் நீதிமன்றத்தின் கீழுள்ள குற்றவியல் வழக்கை இன்னோர் உயர் நீதிமன்றத்தின் கீழுள்ள நீதிமன்றத்துக்கு மாற்றலாம் என்று அது பச்சையாகச் சொல்கிறது. எல்லையைத் தாண்டுவதற்கென்றே எழுதப்பட்ட பிரிவு. கர்நாடக அரசு கேட்டு வாங்கிய வழக்கும் இல்லை இது. அதன் தலையில் கட்டப்பட்ட வழக்கு. செலவுத் தொகையைத் தமிழ்நாட்டிடமிருந்து வசூலிக்கக் கர்நாடகம் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அமெரிக்காவின் நிலையையும் நம் நிலையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே மாநிலங்களுக்குத் தனி நீதிமன்ற அடுக்கு, கூட்டரசுக்குத் தனி அடுக்கு. இங்கே அப்படி இல்லை. ஓசூர் நீதிமன்றமும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆனேக்கல் நீதிமன்றமும் ஒரே அடுக்கின் படிகள். இரண்டும் ஒரே குற்றவியல் சட்டத்தைத்தான் கையாளுகின்றன. இரண்டின் மேல்முறையீடும் கடைசியில் ஒரே வாசலில் போய் நிற்கிறது. ஓசூரிலிருந்து பரப்பன அக்ரஹாரா, நம் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியைவிட அருகில் இருக்கிறது. தூரம் சட்ட வாதமாகாது என்று எனக்கும் தெரியும். அந்நிய மண் என்று பேசுகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இடம் மாறிய வழக்குகளின் வரிசையில் நமக்கு மிக நெருக்கமான இன்னொன்று இருக்கிறது. காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கு. செங்கல்பட்டில் நடக்க வேண்டிய அந்த வழக்கை 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. கேட்டவர் யார்? குற்றம் சாட்டப்பட்ட காஞ்சி மடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி. தமிழ்நாட்டு அரசின் கெடுபிடியில் இங்கே நியாயமான விசாரணை நடக்காது என்றார், நீதிமன்றம் ஏற்றது. 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. தமிழ்நாட்டுக் கொலை வழக்கில் புதுச்சேரிக்கு என்ன அதிகாரம் என்று யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. குஜராத் கலவரத்தில் எழுந்த பெஸ்ட் பேக்கரி வழக்கும் பில்கிஸ் பானு வழக்கும் அங்கிருந்து மும்பைக்குப் போனதும் இதே அதிகாரத்தில்தான்.

இனி, இந்த வாதத்தை முன்வைத்தவர்களே அதை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். 2013இல் பெங்களூரு வழக்கை விசாரித்துவந்த நீதிபதி பாலகிருஷ்ணா ஓய்வு பெறவிருந்தார். அவரே தொடர வேண்டும், அரசு வழக்கறிஞர் பவானி சிங்கை நீக்கக் கூடாது என்று கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஜெயலலிதா. அவங்க கோர்ட் என்று இவர்கள் சொன்ன அந்த நீதிமன்றத்தின் நீதிபதி எங்களுக்கு வேண்டும் என்று மனு போட்டாயிற்று. அடுத்து 2015 மே 11. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி எல்லோரையும் விடுவித்தார். அன்று தமிழ்நாடு முழுக்கப் பட்டாசு, இனிப்பு. எட்டு மாதத்துக்கு முன் அதிகாரமே இல்லாமல் இருந்த அதே கர்நாடக நீதித்துறைக்கு அன்று காலை எங்கிருந்து அதிகாரம் வந்தது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆட்டம் கைதட்டல் வாங்கிய அன்று கூடம் தானாக நேராகிவிட்டது.

அந்த விடுதலைத் தீர்ப்பில் கடன் தொகைகளின் கூட்டல் பிசகியிருந்தது. கூட்டினால் 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தனி நீதிமன்றத்தின் முடிவை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா காலமாகிவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. சசிகலா உட்பட, உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரும் சிறை சென்றார்கள். கர்நாடக நீதித்துறை மீது குறை சொல்ல விரும்புகிறவருக்கு அந்தக் கூட்டல் கணக்கு இருக்கிறது, வழக்கு வந்த பின் பத்தாண்டுக்கு மேல் நடந்த இழுத்தடிப்பு இருக்கிறது, மாறிக்கொண்டே இருந்த நீதிபதிகள் இருக்கிறார்கள். இவையெல்லாம் தரமான புகார்கள். அதிகாரமே இல்லை என்பது அந்தத் தரத்தில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கில் அதிகார வரம்பு பற்றிய உண்மையான கேள்வி ஒன்று எழுந்தது. எழுப்பியவர் அன்பழகன். மேல்முறையீட்டில் வாதாடப் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாட்டு அரசு. வழக்கு கர்நாடகத்துக்கு மாறியபின் அந்த நியமனத்தைச் செய்யத் தமிழ்நாட்டுக்கு அதிகாரம் இல்லை என்று 2015 ஏப்ரல் 27 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆக அதிகாரம் இல்லாமல் செயல்பட்டதாகத் தீர்ப்பான ஓர் அரசு உண்டு. அது எல்லைக்கு இந்தப் பக்கத்து அரசு.

நம் ஊர் விவகாரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே பார்த்தால், இதே பேச்சு ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருப்பது தெரியும். அமெரிக்காவில் தங்களை இறையாண்மை பெற்ற குடிமக்கள் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு கூட்டம் உண்டு. ஆவணத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் வேறு, ரத்தமும் சதையுமான நான் வேறு. நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, எனவே இந்த நீதிமன்றம் என்னைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றக் கொடியின் ஓரத்தில் தங்க ஜரிகை இருப்பதால் இது கடல்சார் நீதிமன்றம். இப்படிப் போகும் வாதம். கூட்டரசுச் சிறைகளில் இன்னொரு வகை சுற்றுகிறது. கூட்டரசு நீதிமன்றங்களுக்குக் குற்ற வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தைத் தரும் பிரிவு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. அது நிறைவேறியபோது சபையில் போதிய உறுப்பினர் இல்லை, ஆகவே சட்டம் செல்லாது, ஆகவே என் தண்டனை செல்லாது, கதவைத் திற என்று கைதிகள் மனு மேல் மனுவாக எழுதினார்கள். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் இப்படிப்பட்ட வாதங்களைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடலாம் என்றே சொல்லிவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் நீதிபதி ரூக் 2012இல் ஒரு விவாகரத்து வழக்கில் இந்தச் சரக்கு முழுவதையும் வகைபிரித்து நீண்ட தீர்ப்பு எழுதினார். விஸ்கான்சினில் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள் காரை ஓட்டி ஆறு பேரைக் கொன்ற டாரல் புரூக்ஸ், 2022இல் தனக்குத் தானே வாதாடி, இந்த நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம் என்று நாள் தவறாமல் கேட்டார். 76 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, வாழ்நாள் முழுதும் சிறை.

சிரிக்கலாம். ஆனால் நம் நாட்டிலும் சரக்கு உண்டு. மதுராவில் ராம் விருக்ஷ யாதவ் கூட்டம் ஜவஹர் பூங்காவை இரண்டு ஆண்டுகள் பிடித்துவைத்துக்கொண்டு, குடியரசுத் தலைவர் பதவி வேண்டாம், பிரதமர் பதவி வேண்டாம், ரூபாய்க்கு அறுபது லிட்டர் டீசல் வேண்டும் என்றது. 2016 ஜூன் 2 அன்று காலி செய்யப் போன இடத்தில் இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குஜராத்தின் தாபி மாவட்டத்தில், நாட்டின் உண்மையான உரிமையாளர் நாங்கள்தான் என்று சொல்லி ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் மறுக்கும் குடும்பப் பரிவாரம் ஒன்று இருக்கிறது. ஜார்க்கண்டின் குந்தியில் 2017, 18இல் கல் நட்டுக் கிராம சபையின் அதிகாரத்தை எழுதிவைத்த பத்தல்கடி இயக்கத்தை இந்த வரிசையில் சேர்க்கச் சிலர் துடிக்கிறார்கள். நான் சேர்க்க மாட்டேன். அதன் சில கிளைகள் எல்லை மீறிப் பேசின என்றாலும், அடிப்படையில் அவர்கள் காட்டியது பழங்குடிப் பகுதிகளைப் பற்றிய, அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையை. நிலம் போய்விடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. பதிலுக்கு ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் வந்த புதிய அரசு அவற்றைத் திரும்பப் பெற முடிவெடுத்தது.

இந்தக் கூட்டங்களுக்கும் நம் சுவரொட்டிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அமெரிக்கக் கைதி, நான் சம்மதிக்காமல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறான். நம்மவர், நாங்கள் ஓட்டுப் போட்டவர் மீது நாங்கள் சம்மதிக்காமல் அதிகாரம் இல்லை என்கிறார். அங்கே இறையாண்மை ஒற்றை ஆளிடம் இருக்கிறது, இங்கே கூட்டத்திடம். வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றே. மக்கள் மன்றம் நீதிமன்றத்துக்கு மேல் என்ற மேடை வசனம் இதன் தமிழ் வடிவம்.

அந்த வசனத்தையும் நீதிமன்றம் ஏற்கெனவே ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. டான்சி நில பேர வழக்கில் தண்டனை பெற்று, தேர்தலில் நிற்க முடியாத நிலையில் இருந்த ஜெயலலிதாவுக்கு 2001 மே மாதம் ஆளுநர் பாத்திமா பீவி முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மக்கள் தீர்ப்பு அளித்துவிட்டார்கள், அதை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் வாதம். 2001 செப்டம்பர் 21 அன்று, நீதிபதி பரூச்சா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, மக்களின் விருப்பம் அரசமைப்புக்கு உட்பட்டிருக்கும்போதுதான் செல்லும் என்று சொல்லி அந்த நியமனத்தை ரத்து செய்தது. தீர்ப்பு எழுதியது கர்நாடக நீதிமன்றம் இல்லை. எல்லைப் பிரச்சினையும் இல்லை. அப்போதும் கோபம் இதே கோபம்தான். ஆக, கர்நாடகம் என்பது சாக்கு.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக ஒரு குறுக்குக் கேள்வி வரும். காந்தியின் ஒத்துழையாமைக்காரர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணிக்கவில்லையா? பெரியாரின் தொண்டர்கள் 1957 நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டத்தை எரித்துவிட்டு, எதிர்வழக்காட மாட்டோம் என்று சொல்லவில்லையா? நல்ல கேள்வி. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சேலத்தில் கொழித்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். சட்டத்தை எரித்தவர்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சிறை சென்றார்கள். சிலர் பிணமாகத் திரும்பினார்கள். அவர்கள் சொன்னது: உன் சட்டம் அநியாயம், நான் மீறினேன், தண்டனை கொடு. அந்தத் தண்டனையே அவர்கள் பேச்சின் விலை. அதிகாரம் இல்லை என்று கூவுகிறவர் கேட்பது தண்டனையிலிருந்து விடுதலை. அதுவும் ஜாமீன் மனு, மேல்முறையீட்டு மனு, சீராய்வு மனு எல்லாவற்றையும் அதே நீதிமன்றங்களில் போட்டுக்கொண்டே. இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது ராஜாஜிக்கும் மரியாதை இல்லை, பெரியாருக்கும் மரியாதை இல்லை.

காவிரிப் பகை நீதிபதியின் மனத்தில் இருந்திருக்காதா என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். பாரபட்சம் என்பது வேறு வழக்கு. அதைக் காட்ட ஆதாரம் வேண்டும். காட்டினால் நீதிபதியை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், தீர்ப்பை உடைக்கலாம். சென்னையில் நியாயம் கிடைக்காது என்று அன்பழகன் காட்டியதும் செங்கல்பட்டில் கிடைக்காது என்று ஜெயேந்திரர் காட்டியதும் அந்த வழியில்தான். விசாரணை தவறான மாவட்டத்தில் நடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது, அதனால் நீதி கெட்டது என்று காட்ட வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 462ஆம் பிரிவு. அதிகாரம் இல்லை என்ற சொல்லுக்கு மந்திர சக்தி கிடையாது என்பதை ஒரு பிரிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் சக்தியே இல்லாத சொல்லும் இல்லை அது. பில்கிஸ் பானு வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு முன்கூட்டியே விடுவித்தது. குற்றம் நடந்தது குஜராத்தில்தான், சிறையும் அங்கேதான். ஆனால் தண்டித்த நீதிமன்றம் மும்பையில் இருந்ததால், விடுதலை பற்றி முடிவெடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசு. குஜராத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று நீதிபதி நாகரத்னா, நீதிபதி புய்யான் அமர்வு விடுதலையை ரத்து செய்தது. பதினொரு பேரும் மறுபடி சிறை போனார்கள். அதிகார வரம்புக் கேள்வி சரியான இடத்தில் கேட்கப்பட்டால் செய்யும் வேலை இது.

நம் எல்லையில் அந்தச் சரியான இடங்கள் எவை?

இரவில் ஓசூர் வாடகை வீட்டிலிருந்து அந்தப் பக்கத்துப் போலீஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஒப்பந்த வேலை பார்ப்பவர், சொல்லிக்கொள்ள ஆள் இல்லாதவர். குற்றவாளியைத் தேடி இந்தியாவில் எங்கும் போகப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் நம்மைத் தொட முடியாது, இந்தப் பக்கத்து ஜூஜுவாடியைத் தாண்டினால் அவர்களைத் தொட முடியாது என்பதெல்லாம் சினிமா. ஆகவே ஏன் வந்தாய் என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது வேறு. வாரண்டு இல்லாத கைது என்றால், அரசமைப்பின் 22ஆவது பிரிவுப்படி, பயண நேரம் போக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மிக அருகிலுள்ள நடுவரிடம் நிறுத்த வேண்டும். ஓசூரில் பிடித்தால் அருகிலுள்ள நடுவர் ஓசூரில்தான் இருக்கிறார். அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதோ இல்லையோ, காவலில் அனுப்புவதா என்று பார்க்கும் அதிகாரம் உண்டு என்று சட்டம் சொற்களிலேயே சொல்கிறது.

வாரண்டு இருந்தால் கணக்கு மாறுகிறது. வேறு மாவட்டத்தில் பிடிபட்டவரை உள்ளூர் நிர்வாக நடுவரிடமோ போலீஸ் கண்காணிப்பாளரிடமோ ஆணையரிடமோ நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. ஆனால் வாரண்டு பிறப்பித்த நீதிமன்றம் கைது நடந்த இடத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தால் நேரே அங்கேயே கொண்டுபோகலாம். ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் இடையே அந்த முப்பது இல்லை. வாணியம்பாடிக்காரருக்கோ தர்மபுரிக்காரருக்கோ கிடைக்கும், உள்ளூர் அதிகாரி முன் நிறுத்தப்படும் பாதுகாப்பு, ஆனேக்கல் வாரண்டில் பிடிபடும் ஓசூர்க்காரருக்குக் கிடைக்காது. எல்லை மக்களுக்கு உண்மையில் பாதகமான ஒரு விதி இருக்கிறது என்றால் அது இதுதான். இதைப் பற்றி ஒரு சுவரொட்டியும் நான் பார்த்ததில்லை. புதிய சட்டம் ஒரு சின்ன ஈடு தந்திருக்கிறது: இப்படிக் கைது செய்தால், அந்த மாவட்டத்திலும் கைதானவர் வசிக்கும் மாவட்டத்திலும் அதற்கென நியமிக்கப்பட்ட போலீஸ் அதிகாரிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த அதிகாரி யார் என்று குடும்பத்துக்குத் தெரிந்தால்தான் அது உதவும்.

அடுத்தது வேலை உத்தரவு. ஆலை ஓசூரில், பதிவு அலுவலகம் பெங்களூரில். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எந்தத் தகராறும் பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவருக்குத் தொழில் தகராறு என்ற தனி வழி உண்டு. சூப்பர்வைசர், எக்ஸிகியூட்டிவ் என்று பெயர் சூட்டி அந்த வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 2025 ஏப்ரலில், எச்.டி.எஃப்.சி. வங்கி ஊழியர்கள் வழக்கில், இப்படிப்பட்ட வரி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்னாவிலும் டெல்லியிலும் வழக்குப் போட்டவர்கள் மும்பைக்குப் போக வேண்டியதாயிற்று. குறிப்பிட்ட நீதிமன்றத்துக்கு இயல்பாகவே அதிகாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பதிவு அலுவலகம் அங்கே இருக்கும்போது அதைக் காட்டுவது நிறுவனத்துக்குப் பெரிய பாடு இல்லை.

இறையாண்மைக் குடிமகன், நான் கையெழுத்துப் போடவில்லை, ஆகவே நீதிமன்றம் என்னைக் கட்டாது என்கிறான். குற்ற வழக்கில் அவன் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. அங்கே அது பிதற்றல். சம்மதமும் கையெழுத்தும் அதிகார வரம்பைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று உண்டு, அது ஒப்பந்தம். நம் பிள்ளைகள் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த இடத்தில்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

அதிகார வரம்பு என்பது கடைசியில் யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்துச் செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தர்மபுரி பக்கத்து அம்மாபேட்டை போன்ற கிராமங்களிலிருந்து தீபாவளி வேலைக்கு எல்லை தாண்டிப் போனவர்கள். உடல்கள் இங்கே வந்தன. வழக்கு அங்கே நின்றது. நிவாரணத்தை இரண்டு அரசுகளும் அறிவித்தன. செத்தவர்கள் நம்மவர்கள், அவங்க கோர்ட்டுக்கு என்ன அதிகாரம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பதால்தான் கிடங்குக்கு உரிமம் கொடுத்தவர்களைக் கேள்வி கேட்க முடியும். அங்கே எல்லை தாண்டிக் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன: வேலைக்கு அழைத்துப்போன இடைத்தரகர் இங்கத்தவர் என்றால் அவரை யார் விசாரிப்பது, சாட்சி சொல்ல வேண்டிய குடும்பத்துக்குப் போய்வரும் செலவை யார் தருவது, குற்றப்பத்திரிகையை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் யார் படித்துச் சொல்வது. ஒரு முன்னாள் முதலமைச்சரின் வழக்குக்காக மூட்டை மூட்டையாக ஆவணங்கள் மொழிபெயர்க்கப்பட்டன. அம்மாபேட்டைக்காரருக்கு ஒரு குற்றப்பத்திரிகையைத் தமிழில் தர முடியாதா என்று ஓசூர் வழக்கறிஞர்களும் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகமும் ஆனேக்கலுக்கு எழுதிக் கேட்கலாம். அதற்கு 406ஆம் பிரிவு தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.